கால்கரியிலிருந்து ஒருவர்

என்னிடம் ஒரு திருட்டுப் புத்தி இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுத்த வீட்டு ஜன்னலை நான் எட்டிப் பார்த்ததில்லை. பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரருடைய பேப்பரை ஓசியில் படித்ததுகூட இல்லை. (ஒருமுறை படித்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.) ஆனால் எட்டு மாதம், காலைப் பூஜை முடிந்து நெற்றியில் விபூதி காய்வதற்குள், யார் எந்த ஊரிலிருந்து எதைப் பார்க்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். பகவானுக்குத்தான் அந்த வேலை. அவர் பார்ப்பார், வெளியே சொல்லமாட்டார். நான் சொன்னேன். அங்கேதான் வினை.

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருக் கோவிலுக்கு, கிராம சமூகம் என்ற எங்கள் அக்ரகாரச் சங்கத்தின் பேரில், ஒரு வெப்சைட் உண்டு. மாதா மாதம் எந்த நட்சத்திரம் எந்தத் தேதி, நடை எப்போது திறக்கும், நாலு ஸ்தோத்திரம், என் ஆத்துக்காரி விசாலம் சொல்லி நான் டைப் அடித்த பிரசாதக் குறிப்புகள், அவ்வளவுதான். நான் எஸ்.எஸ்.எல்.ஸி., அதுவும் இரண்டாம் தடவை. ஆபீஸில் முப்பது வருஷம் அட்டெண்டராக ஃபைல் சுமந்தவன். என்னிடம் இந்தப் பொறுப்பு வந்ததற்கு ஒரே காரணம், வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. என் பையன் மணி விட்டுப்போனது.

மணி கனடாவில் கால்கரி என்ற ஊரில் வேலை பார்க்கிறான். இந்தக் கூத்துக்கு நாலு வருஷத்துக்கு முன், அங்கேயே கோழிக்கோட்டுப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகப் போனில் சொன்னான். முப்பது வருஷம் ஆபீஸர்களிடம் உயர்த்தாத குரலை எல்லாம் சேர்த்து அன்றைக்கு அவனிடம் உயர்த்தினேன். "இனிமேல் என்னோடு பேசாதே" என்றேன். சின்ன வயதில் ஒரு வார்த்தை கேட்காத பிள்ளை, இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விசாலத்துக்குக் கூப்பிடுவான். அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். நான் ஹாலில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டுவேன். "என்ன சொன்னான்?" என்று கேட்க வீம்பு விடவில்லை. நான் கேட்காததால் அவளும் சொல்லவில்லை.

சைட் பண்ணித் தந்த கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் ஒருநாள், வருகிறவர்கள் கணக்குப் பக்கத்தைத் திறந்து காட்டினார். "அண்ணா, ஆரு வந்தாலும் இதில அறியலாம்." பேர் வராது. ஊர், போன் மாடல், பார்த்த பக்கம், எத்தனை நிமிஷம் நின்றார்கள், எல்லாம் வரும். கரமனை ஒன்பது பேர், சென்னை இரண்டு பேர். கடைசி வரியில், கால்கரி, ஒருவர்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அன்றைக்கு அனுஷம். மணியின் நட்சத்திரம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு அனுஷத்தன்றும் காலை எட்டு மணிக்கு, அங்கே முந்தின நாள் சாயங்காலம், அதே ஊர், அதே போன். முதலில் நட்சத்திரத் தேதிப் பக்கம், பிறகு பால்பாயசம். நாலு நிமிஷம், ஆறு நிமிஷம், ஒருமுறை பதினொரு நிமிஷம். பதினொரு நிமிஷம் என் பிள்ளை என் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானே என்று நான் அன்றைக்கு இரண்டு தடவை சஹஸ்ரநாமம் சொன்னேன். அவனுக்காகவே குறிப்புகளுக்கு நடுவில் எழுத ஆரம்பித்தேன். "பால் சுண்டும்போது அடுப்படியை விட்டுப் போகக்கூடாது. குளிர் தேசத்தில் இருப்பவர்கள் காதை மூடிக்கொள்ளவும்." (பால்பாயசத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்.)

ஒன்பதாவது அனுஷம். எட்டு மணிக்குக் கால்கரி வரவில்லை. அதே மாடல் போன், அதே இரண்டு பக்கங்கள், கூடவே நடை திறக்கும் நேரம். ஊர், திருவனந்தபுரம்!

லேப்டாப்பை மூடக்கூடத் தோன்றவில்லை. ஊருக்கு வந்திருக்கிறான், வீட்டுக்கு வரவில்லை. நடை திறக்கும் நேரம் பார்த்திருக்கிறான் என்றால் கோவிலுக்கு வருவான். வேஷ்டியைக்கூட மாற்றாமல் ஓடினேன்.

கோவில் வாசலில் நின்று வருகிற இளவட்டங்களை எல்லாம் முகத்துக்கு நேராகப் பார்த்தேன். பிறகு ஒரு பயம் வந்தது. நாலு வருஷத்தில் தாடி வைத்திருந்தால்? இளைத்திருந்தால்? பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டால்? அதனால் முகத்தை விட்டுப் போன்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"மோனே, அது என்ன மாடல்? கொஞ்சம் திருப்பிக் காட்டு."

"அங்கிள், இது விக்கறதுக்கில்ல கேட்டேளா" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தான் ஒருத்தன். அவன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

சமூகத்தின் செயலாளர் ரமணி வந்து என் தோளைப் பிடித்தார். "ஓய் விச்சு, என்னாக்கும் பண்றீர்? காலங்கார்த்தால செருப்புத் திருடனைப் பிடிக்கறாப்பல நிக்கறீர்?"

அடக்க முடியவில்லை. கால்கரி, அனுஷம், பாயசம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்தது. வழிபாட்டு ரசீது வாங்க நின்ற வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. 'ஐயோ பாவம்' என்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ நாங்க பாக்கறதும் உமக்குத் தெரியுமோ?" என்றாள் பங்கஜம் மாமி.

பங்கஜம் மாமி எங்கள் பேட்டையிலேயே பெரிய சமையல்காரி. கல்யாண சத்யை விருந்துக்கு அவள் கைப் பலாப்பழப் பாயசம், சக்கப்பிரதமன், இல்லாவிட்டால் சம்பந்திகள் முகம் கோணும். யாரிடமும் அதன் பக்குவத்தைச் சொன்னதில்லை.

"சேச்சே, யாருன்னு தெரியாது மாமி" என்று நான் பதறினேன். "ஊரு, போனு, பக்கம், அவ்வளவுதான். ஒரு பேச்சுக்குச் சொல்றேன், கரமனைலேர்ந்து ஒரு மடக்கற போன் வரும். விசாலத்தோட சக்கப்பிரதமன் பக்கத்தைப் போன மாசம் மட்டும் பதினேழு தடவை பாத்திருக்கு. யாருன்னு நான் கண்டேனா?"

கரமனை முழுவதிலும் மடக்குகிற போன் ஒன்றுதான் உண்டு. மாமியின் பிள்ளை துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அது அப்போது மாமியின் கையில், திறந்தபடி இருந்தது.

மாமி அதை டப்பென்று மடக்கினாள். கோவில் மணி மாதிரிக் கேட்டது.

"அண்ணா, நீர் நன்னா இருப்பீரா?" என்று அவள் ஆரம்பித்தாள். அடுத்து ரமணி, "நான் என்ன பாத்தேன்னும் சொல்லிடாதீர் ஓய்" என்றார். வரிசையில் நின்றவர்கள் அவரவர் போனை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். நான் பிராகாரத் தூணோடு தூணாகப் போய்விடக்கூடாதா என்று பகவானை வேண்டிக்கொண்டிருந்தபோதுதான் கவுண்டரில் கேட்ட கேள்வியும் பதிலும் காதில் விழுந்தன.

"பேரு? நட்சத்திரம்?"

"சுப்ரமணியன். அனிழம்."

மலையாளத்தில் அனுஷத்தை அனிழம் என்பார்கள். ரசீது வாங்கிக்கொண்டு திரும்பியவள் ஒரு சின்னப் பெண். சந்தனப்பொட்டு, கேரளப் புடவை. கையில் நான் எட்டு மாதமாகக் கண்ணால் பார்க்காமல் அறிந்திருந்த அந்தப் போன்.

"அப்பா, ஞான் திவ்யா" என்றாள். "என் அம்மைக்கு இங்கே கண் ஆபரேஷன், அதுக்கு வந்தேன். மணிக்கு லீவு கிடைக்கல்ல."

அசடு மாதிரி, "பதினொரு நிமிஷம் நின்னது நீயா?" என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "மணியோட அம்மா சைட்டில எழுதியிருக்குன்னு சொன்னா. எல்லா அனிழத்துக்கும் பாயசம் வெப்பேன். வீட்டு வாசல்ல வந்து நின்னா நீங்க காணும்னு பயம். சைட்டில வந்தா ஆரும் காணமாட்டாங்கன்னு நினைச்சுதானே வந்தேன் அப்பா? நீங்க எல்லாம் எண்ணி வெச்சிருந்தேளா?"

கோபம் பாதி, அழுகை பாதி. மாமி திட்டியது உறைக்கவில்லை. இது உறைத்தது. என் வாசலுக்கு வரப் பயந்து, நடுக்கத்தோடு எங்கோ ஒரு மூலையில் வந்து நின்ற குழந்தையை, அங்கேயும் நான் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன். அதுவும் வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டு.

"தப்பு என்னோடதுதாம்மா" என்றேன். "ஆத்துக்கு வா."

வீட்டில் விசாலம் இலை போட்டு வைத்திருந்தாள். மூன்று இலை. அவளுக்கு எல்லாம் தெரியும்! கால்கரி யார், எப்போது வருகிறாள், பாயசம் அடிபிடித்தது எத்தனை தடவை, எல்லாம். "ஏன்டீ சொல்லலை?" என்றேன்.

"நீங்க கேக்கலையே" என்றாள். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா, ஊர்ல இருக்கற போனை எல்லாம் பாத்திருக்க வேண்டாமே."

அந்தக் கணக்குப் பக்கத்தை அன்றைக்கே கடைக்காரரிடம் சொல்லி எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது சைட்டுக்கு யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பங்கஜம் மாமி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. இப்போது பிரதமன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பதினெட்டுன்னு எழுதிக்கொள்ளும்" என்கிறாள். எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் விசாலம் அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "எந்த ஊரு? என்ன போனு?" வந்தவர்களும் வாசலில் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

திவ்யா திரும்பிப்போனபின் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். அனுஷத்தன்று சைட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு மெஸேஜ்: "வந்தேன் அப்பா." அவளாகச் சொல்கிறாள். மணியிடமிருந்து ஒன்றும் வராது. நான் அவனுக்கு எழுதி எழுதி அழிப்பேன். பேசாதே என்று சொன்னவன் நான். பேசு என்று எப்படி ஆரம்பிப்பது என்று எந்த ஸ்தோத்திரத்திலும் இல்லை. கடைசியில் ஒருநாள் அனுப்பிவிட்டேன். "கண்ணா, அப்பா பேசினது தப்பு." அதற்கும் பதில் இல்லை.

போன அனுஷத்தன்று காலை எட்டு மணி. "வந்தேன் அப்பா" என்று திவ்யாவின் மெஸேஜ். கண்ணாடியைக் கழற்றப் போனேன். போன் மறுபடி ஒருமுறை அதிர்ந்தது. ஐந்து வருஷத்துக்கு மேலாக ஒன்றும் வராத நம்பர்.

"நானும்."

நான் எழுந்து அடுக்களைக்குப் போய்ப் போனை விசாலத்திடம் நீட்டினேன். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்த ஊரு?" என்றாள். "என்ன போனு?"