ஒன்பதாகப் பிரிந்த ஃபைல்

'விலை கேட்க' என்ற பட்டனைச் சிவப்பிலிருந்து பழுப்புக்கு மாற்றினாள் தேவிகா. முகப்புப் பக்கத்தில் மாறியது. மற்ற ஏழு பக்கங்களில் சிவப்பாகவே இருந்தது.

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நிறம், எழுத்து, பட அளவு எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ஸ்டைல் ஃபைலைத் திறந்தாள். ஆறாயிரம் வரி. ஒரே பட்டனைப் பதினான்கு இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஏன் பதினான்கு என்று யோசித்ததில் சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

ஃபைலை உடைத்தாள். நிறத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, பட்டனுக்கு ஒன்று என ஒன்பது சின்ன ஃபைல்கள். இனி ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கமும் மாறும்.

மாறியது. பட்டனோடு எழுத்தும் பின்னணியும்கூடப் பழுப்பாகிவிட்டன.

மேனேஜர் தன்சீல் அகமது வந்து எட்டிப் பார்த்தார். மொத்தமாக ஷூ வாங்கும் இத்தாலி பையர் நாலு மணிக்கு சைட்டைப் பார்க்கப்போகிறார்.

"இன்னாம்மா, பக்கமே காலியா இருக்கு?"

"எல்லாம் இருக்கு சார். பழுப்பு மேல பழுப்பு, அதான் தெரியல."

ஃபைல்களின் வரிசையை மாற்றினாள். எழுத்து திரும்பி வந்தது. மெனு தலைப்பின் மேல் ஏறி உட்கார்ந்தது. மெனுவை இறக்கினாள், போன் நம்பர் காணாமல் போனது. நம்பரை மீட்கும் அவசரத்தில் பட அளவு ஃபைல் விடுபட்டுப்போக, முகப்பிலிருந்த ஷூ படம் திரை முழுக்க விரிந்தது. ஒரு லேஸ் ஓட்டையும் கொஞ்சம் தையலும்தான் தெரிந்தன.

தன்சீல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பழையபடியே மாற்றிவிடச் சொன்னார்.

"ஆறு வருஷமா இந்தப் படத்தப் பாத்துதாம்மா பையருங்க நம்மளாண்ட வர்றாங்க."

அஞ்சு நிமிஷம் டைம் கேட்டாள் தேவிகா. விடுபட்ட ஃபைல் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சேர்க்கப்போனபோது, சாம்பிளுக்குக் கையெழுத்து வாங்க வந்திருந்த தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர் முத்துமாரி திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். தையலை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"கொஞ்சம் இரும்மா, சுருக்காத" என்றாள். பிறகு தன்சீலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாம ரெட்டைத் தையல்தான போடுவோம் சார்? இது நம்ம ஷூவே இல்லியே."