சம்சாரம் குழியில் விழுந்த கதை

மக்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினால் ஒன்றும் நடக்காது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நடக்கும். என்ன நடக்கும் என்பதுதான் நம் கையில் இல்லை.

மராத்தி ஊரான தாபோடியில் எங்கள் சந்து முனையில் ஒரு குழி இருந்தது. புதிதாக ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, பெருமையாக வேலைக்குப் போய்வந்த என் மனைவி செல்வி அதில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். "குழியை மூடுற வரைக்கும் வண்டியைத் தொட மாட்டேன்" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கவுன்சிலருக்கு ஆங்கிலத்தில் எழுதினேன், இந்தியில் எழுதினேன். பதிலே இல்லை. சரி, மராத்தியில் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். (பஸ்ஸில் சில்லறை கேட்கும் அளவுக்கு என் மராத்தி பிரமாதம்.)

மனைவிக்கு மராத்தியில் 'பாய்கோ' என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பெரிய இடத்துக்கு எழுதுகிறோமே, கொஞ்சம் கனமான வார்த்தையாக இருக்கட்டும் என்று தோன்றியது. நம்ம 'சம்சாரம்' வடமொழிதானே, இங்கேயும் செல்லும் என்று நானே முடிவுகட்டி, "மாஜா சன்சார் கட்யாத் படலா" என்று எழுதினேன். என் சம்சாரம் குழியில் விழுந்துவிட்டாள் (என்று நினைப்பு).

அந்த ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலரம்மாவே மகளிர் மன்றப் பெண்கள் சிலரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பூரித்துப்போய் நாற்காலி தேடினேன். அவர் என்னை ஏறிட்டும் பார்க்காமல் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மார்தா ஹை க்யா?" என்றார். அடிக்கிறானா என்று!

செல்வி திருதிருவென்று விழித்தாள். ஒரு பெண் அவள் முட்டிக்கட்டைக் காட்டி என்ன என்று கேட்க, "கிர் கயீ" (விழுந்துட்டேன்) என்றாள். அடி வாங்குகிற பெண்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் அது. அத்தனை கண்களும் என் மேல் திரும்பின. கவுன்சிலரம்மா என் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

செல்வி கடிதத்தை வாங்கிப் படித்தாள். (பக்கத்து ஊரான பிம்ப்ரியில் பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவள். அவளையே கேட்டு எழுதியிருக்கலாம். கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது?) படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, சன்சார்னா இங்க குடும்ப வாழ்க்கைங்க. நம்ம குடித்தனமே நாசமாப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க!"

அவள் விளக்கியதும் கவுன்சிலரம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். போகிற வழியில் குழியைப் பார்த்தார். அந்த வாரமே தார் போட்டார்கள். செல்வி சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் சந்தில் தெருவிளக்கு அணைந்துபோனது. பக்கத்து வீட்டு முருகேசன் வந்து நின்றான்.

"அண்ணே, லைட்டு எரியலைன்னு எழுதினா எவனும் வர மாட்டான். நீங்களும் அண்ணியும் பிரியப்போறீங்கன்னு எழுதுங்களேன்."

உள்ளேயிருந்து செல்வி குரல் கொடுத்தாள்: "எழுதட்டும், நானும் கையெழுத்துப் போடுறேன்!"