திராட்சரசக் கம்பெனி விஷயமாக

தாகேதா, ரங்கூன்
8.12.2009, செவ்வாய்

கனம் பொருந்திய சம்பந்தி ஞானாபரணம் அவர்களுக்கு, தாகேதா மைக்கேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் இருதயம்மாளும் ஆண்டவர் கிருபையால் சுகம். என் வலது முழங்காலும் இடது முழங்கையும் மட்டும் இன்னும் சுகப்படவில்லை, அதன் காரணம் கீழே வரும். அங்கு நீங்களும் வீட்டம்மாவும் எங்கள் வருங்கால மருமகள் லதாவும், முழங்கால் முழங்கை உட்பட, எல்லா விதத்திலும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

இது நேரில் சொல்ல வேண்டிய விஷயம். ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில் ஏறி உட்கார்ந்தால் உங்கள் இன்சீன் ஒன்றும் தூரமில்லை. ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பீர்கள், அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகையால் எழுதுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டுப் பிறகு கோபப்படும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று சபையார் எல்லார் முன்னிலையிலும் "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று நீங்கள் கேட்டீர்கள். ஷான் மலையில் திராட்சரசக் கம்பெனியில் இருக்கிறான் என்று நான் சொன்னேன். உங்கள் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. மலராமல் என்ன செய்யும்? கானா ஊர்க் கலியாணத்தில் ஆண்டவர் தண்ணீரை மாற்றியது வெறும் பழச்சாறாகத்தான், அதில் போதை என்பது ஒரு சொட்டும் கிடையாது என்று வருஷம் தவறாமல் பிரசங்கம் செய்கிறவர் நீங்கள். நம் மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசியும் நீங்கள்தான். அந்தச் சங்கத்தின் ஊர்வலத்தில் பதாகையின் ஒரு கம்பைப் பிடித்து நடப்பவன் நான். குடிக்கிறவன் வீட்டில் பெண் கொடுக்கமாட்டேன் என்று சொல்லித்தான் சம்பந்தமே பேசினீர்கள், அதுவும் நியாயமே. அந்தச் சந்தோஷத்தில், ஜனவரியில் கலியாண விருந்துக்கு மாப்பிள்ளை கம்பெனி ரசத்தையே நாலு பெட்டி வரவழைத்துவிடலாம் என்று வேறு சொல்லிவிட்டீர்கள்.

இதில் ஒரு விஷயத்தைத் தாங்கள் தயவாக யோசிக்க வேண்டும். என் மகன் ஆண்ட்ரூவுக்குப் பர்மிய பாஷைதான் வாயில் சரளம். தமிழ் என்றால் அவனுக்கு வீட்டுப் பேச்சு கொஞ்சமும் ஞாயிறு பள்ளியில் படித்த தமிழும் மட்டுமே. சின்ன வயதில் பசித்தால்கூட "அப்பா, போஜனம் ஆயத்தமா?" என்றுதான் கேட்பான். ஆகையால் அவன் டெலிபோனில் "திராட்சத்தோட்டத்தில் வேலை, திராட்சரசம் செய்கிறார்கள்" என்று சொன்னபோது, உங்கள் பிரசங்கத்தை இத்தனை வருஷம் கேட்டுப் பழகிய எனக்குப் பழச்சாறு என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. தப்பு அவன் பேரில் பாதி, என் பேரில் பாதி, கோபித்துக்கொள்ளமாட்டீர்கள் என்றால் உங்கள் பேரிலும் கொஞ்சம்.

லதா அங்கே போய்க் குடித்தனம் நடத்த வேண்டியவள், வீடு எப்படி, தண்ணீர் எப்படி என்று போய்ப் பார்த்து வாருங்கள் என்றீர்களே, அதற்காகத்தான் பஸ் ஏறினேன். ஆண்ட்ரூ ஸ்டாண்டுக்கு வந்து என்னைக் கூட்டிப்போய்ச் சாப்பிட மொஹிங்கா வாங்கிக் கொடுத்தான். "அப்பா, இன்னிக்கு எனக்கு டூர் இருக்கு. வெள்ளக்காரங்கள சைக்கிள்ல தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டணும். நீங்களும் வாங்க, ஒரு சைக்கிள் மிச்சம் இருக்கு" என்றான். வந்திருந்தவர்கள் ஒரு டச்சுக்காரத் தம்பதி, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பல் டாக்டரம்மா. நான் சைக்கிள் தெரியாதவன் இல்லை, துறைமுக ஆபீசில் இருந்த காலத்தில் தாகேதாப் பாலத்தில் ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போனேன். ஆனால் என் சைக்கிளில் மிதித்தால் போகும், மிதிக்காவிட்டால் நிற்கும். இவர்கள் கொடுத்ததில் கியர் என்று ஒன்று இருந்தது. அதை ஒரு பக்கம் தள்ளினால் கால் காற்றில் சுற்றியது, மறு பக்கம் தள்ளினால் மலையையே மிதிப்பதுபோல் இருந்தது. பூண்டு வயல் ஓரமாக ஓர் இறக்கத்தில் நான் இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சி சங்கிலியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் லோஞ்சி கிழியும், விட்டால் மானம் போகும் என்ற நிலையில் நான் இரண்டையும் செய்துவிட்டேன். டச்சுக்காரர் நல்ல மனுஷர், தன் பையிலிருந்து ஒரு கால்சட்டை எடுத்துக் கொடுத்தார். உடம்போடு ஒட்டிக்கொள்ளும் கறுப்புத் துணி, உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருக்கிறது. மெத்தையைக் கூடவே கட்டிக்கொண்டு அலையும் ஜாதி உலகத்தில் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோலத்தில், தலையில் ஒரு தொப்பியையும் கவிழ்த்துக்கொண்டு, உங்கள் சம்பந்தி தோட்டத்தின் வாசலில் போய் இறங்கினேன். காவலாளி எழுந்து நின்று "ஊ மைக்கேலா, கோ ஆண்ட்ரூவின் அப்பாவா?" என்று ஊவும் கோவும் போட்டுப் பர்மிய பாஷையில் மரியாதையாகக் கேட்டான். ஆமாம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

தோட்டத்தைப் பற்றி என்ன சொல்ல, சம்பந்தி. மலைச்சரிவு முழுவதும் வரிசை வரிசையாகக் கம்பி கட்டிப் படர விட்டிருக்கிறார்கள். ஆண்ட்ரூ முன்னால் நின்று பேச ஆரம்பித்தான். படித்து முடித்துவிட்டு இரண்டு வருஷம் எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பையன் அவன். கேட்டால் ஆமாம், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. இங்கே காலை வெயில் விழும் பக்கத்துக் கொடிக்கும் சாயங்கால வெயில் விழும் பக்கத்துக் கொடிக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கிலீஷில் சொல்கிறான், பெரியவர்கள் மூன்று பேர் வாயைத் திறக்காமல் கேட்கிறார்கள், பல் டாக்டரம்மா கேள்வி கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறான். ஒரு பிடி மண்ணை எடுத்து டச்சுக்காரர் கையில் வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னான். இவன் என் மகன் என்று அந்த டச்சுக்காரரைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, ஆனால் அவருடைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு அவரை உலுக்குவது நன்றாயிராது என்று சும்மா இருந்தேன்.

அதன்பின் எங்களை ஒரு கொட்டகையில் உட்கார வைத்து ஆளுக்கு நாலு கண்ணாடிக் கிளாஸ் வைத்தார்கள். அடியில் கொஞ்சம் கொஞ்சம் ரசம். நான் முதல் கிளாஸை வாயில் வைத்தேன். புளிப்பு. நாள்பட்டுக் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆண்ட்ரூவிடம் ரகசியமாகச் சொல்லலாம் என்று நிமிர்ந்தால், பல் டாக்டரம்மா வாயைக் கொப்பளித்து, மேசைமேல் இருந்த மண்பானையில் துப்புகிறாள். டச்சுக்காரர் துப்புகிறார். அவர் மனைவியும் துப்புகிறாள். தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் கம்பெனி ரசத்தை வாயில் வைக்க முடியாமல் துப்புகிறார்கள், முதலாளிக்குத் தெரிந்தால் ஆண்ட்ரூவுக்கு வேலை போய்விடும், ஜனவரியில் கலியாணம். இதற்குமேல் யோசிக்க எனக்கு நேரமில்லை. என் கிளாஸை ஒரே மடக்கில் குடித்துவிட்டு "வெரி குட்! வெரி பிரெஷ்!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். இரண்டாவதையும் அப்படியே. அவர்கள் துப்பத் துப்ப நான் குடித்தேன். பல் டாக்டரம்மா மிச்சம் வைத்ததையும் நகர்த்தி எடுத்துக் குடித்து, "பார்த்தீர்களா, ஒன்றும் கெடவில்லை" என்று நிரூபித்தேன். ஆண்ட்ரூ அந்தப் பக்கம் பாட்டில் திறந்துகொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது என் முன்னால் ஏழெட்டுக் கிளாஸ் காலியாக இருந்தது.

"அப்பா, என்ன பண்றீங்க? துப்பணும்ப்பா!"

"என் மகன் கம்பெனி சாமானை நான் துப்பமாட்டேண்டா."

"ஐயோ அப்பா, அது வைன். மெய்யாலும் வைன்ப்பா!"

சம்பந்தி, வைன் என்ற அந்த ஒரு சொல்லை அவன் காலையிலேயே சொல்லியிருக்கலாம். வெயிலும் மேடும் சேர்ந்து எனக்குத் தலை சுற்றுகிறது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். திரும்பும் வழியில் ஒரு மாட்டு வண்டிக்காரருக்கு நம் கிறிஸ்துமஸ் கீர்த்தனை ஒன்றை எல்லாச் சரணமும் பாடிக் காட்டினேனாம். அவர் "யபாடே, யபாடே", பரவாயில்லை பரவாயில்லை, என்று சொல்லி வண்டியை வேகமாக ஓட்டிப் போய்விட்டாராம். அடுத்த திருப்பத்தில் பாதை வலது பக்கம் போக, நான் நேராகப் போனேன். அங்கே ஒரு வாய்க்கால் இருந்தது. முழங்கால், முழங்கை விவரம் இதுதான்.

மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு ஆண்ட்ரூ வாய்க்கால் கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். என்னடா இப்படி மறைத்துவிட்டாய் என்று கேட்டேன்.

"மறைக்கலப்பா. திராட்சரசம்னுதானே சொன்னேன். வைனுக்குத் தமிழ்ல வேற பேரு எனக்குத் தெரியாதே."

"நீயும் குடிக்கிறியா?"

"வாய்ல வச்சு ருசி பார்ப்பேன், துப்பிடுவேன். ஒருநாளும் முழுங்கினதில்ல. முழுங்கிட்டு எப்படிப்பா சைக்கிள் ஓட்டறது?"

இதை அவன் கேலியாகச் சொல்லவில்லை. என் முழங்காலைத் தண்ணீரால் கழுவிக்கொண்டே சொன்னான். சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்சீன் மாமாவுக்குத் தெரிஞ்சா கலியாணம் நின்னுடும், இல்லப்பா?" என்று கேட்டான்.

ஆகையால் ஒரு முடிவு செய்துவிட்டேன். இந்த வேலையை விட்டுவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு முன் ரங்கூனுக்கு வந்துவிடு என்று அவனிடம் சொன்னேன். எங்கள் வட்டாரத்தில் அப்துல் பாரி பாய் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனுஷர், பையனைக் கடையில் சேர்த்துக்கொள்வார். ஆண்ட்ரூ "சரிப்பா" என்றான். அவ்வளவுதான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இருதயம்மாள் கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்தவள், பூசையில் ரசம் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள், அவளுக்கு இந்த விஷயத்தில் என்னைப்போல் நடுக்கம் கிடையாது. "அவன் எந்தக் கட்டளையை மீறிட்டான்னு வேலைய விடச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. அதை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். மாப்பிள்ளை இனி பெயிண்ட் கடைக்காரர். உங்கள் மனம் கோணாமல் ஜனவரியில் கலியாணத்தை நடத்திக் கொடுக்க வேண்டும். நாலு பெட்டி ரசம் மட்டும் வராது.

வீட்டம்மாவுக்கு என் வணக்கமும், மருமகள் லதாவுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதமும், சங்கத்து அங்கத்தினர் யாவருக்கும் அன்பான விசாரிப்பும்.

இப்படிக்கு, தங்கள் பதிலை எதிர்பார்த்துத் தெருவைப் பார்த்திருக்கும்,
மைக்கேல்

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போட்டுவிட்டு, விஷயத்தை முடித்துவிடலாம் என்று பாரி பாய் கடைக்குப் போனேன். அவருக்கு மெத்த சந்தோஷம். "தம்பி இங்கதான் உக்காரும்" என்று டின் அடுக்குக்குப் பின்னால் ஒரு முக்காலியைக் காட்டினார். பாய் தேநீர் சொல்ல எழுந்து போனார். சும்மா உட்கார்ந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். எதிரே சுவர். பக்கத்தில் வெளிச்சம் வராத ஜன்னல். யாரோ ஒருவர் வந்து வெள்ளை இருக்கா என்று கேட்டார், இருக்கு என்றேன், வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் இரண்டு வருஷம் இருந்த அதே பையனை நானே இழுத்து வந்து இங்கே உட்கார வைக்கப்போகிறேன் என்று புரிந்ததும், தேநீர் வரும்வரைகூட என்னால் இருக்க முடியவில்லை. தெருமுனையில் காசு கொடுத்துப் பேசும் டெலிபோன் மேசைக்குப் போய்த் தோட்டத்து ஆபீசைக் கூப்பிட்டு, வராதேடா, அங்கேயே இரு என்று சொல்லிவிட்டேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன், அறவில்லை, அழுதுகொண்டிருந்தான்.

ஆகவே மேலே "முடிவு செய்துவிட்டேன்" என்பதிலிருந்து "ரசம் மட்டும் வராது" என்பதுவரை எழுதியதைத் தாங்கள் வாசிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துவிட்டு வேறு எழுத முழங்கை இடம் தரவில்லை. பொய் சொல்லி சம்பந்தம் செய்ய எனக்கு விருப்பமில்லை என்பதால் மூன்றாவது கிளாஸ் நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடிக்கிறவன் வீடு என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான், எங்கள் வீட்டில் குடித்தவன் நான் ஒருவன். சங்கத்தில் என் பெயரை அடித்துவிடுங்கள். பெண்ணை என் மகனுக்குக் கொடுங்கள்.