சம்பந்தி வீட்டு பாய்லர் நின்றுபோனது குறித்த விவரம்

தராஸ், வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு, உள்ளே இருபத்தொன்று.

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜுமகாலி அவர்களுக்கு,

செயில்கான் பணிவுடன் எழுதுவது. உங்கள் உடல்நலமும், சம்பந்தியம்மா குல்யாஷ் அவர்களின் முழங்காலும், நம் ரவுஷானும், அவள் பெற்றெடுத்த நம் பேரனும், ஷிம்கென்ட் சாலையில் உங்கள் காரும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "ம்" என்று மட்டும் சொன்னால் எனக்கு அடுத்த வாக்கியம் வருவதில்லை. ஆகவே எழுதி, சாவியோடு சர்க்கரைக் கிண்ணத்தின் அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். நாளை வந்ததும் முதலில் தேநீர் குடியுங்கள், பிறகு படியுங்கள். குழப்பம் வராமலிருக்க, சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறேன்:

1. வீடு சூடாக இருக்கிறது. சனிக்கிழமை பேரனைத் தொட்டிலில் இடுவதற்குத் தடை ஏதும் இல்லை.
2. பாய்லர் நின்றபோது, நீங்கள் தாளில் எழுதி ஒட்டியிருந்தபடியே செய்தேன். பொத்தானை மூன்று முறைக்கு மேல் அமுக்கவில்லை.
3. வெளியே புகைக்குழாயை யாரோ கம்பளியால் சுற்றியிருந்தார்கள். யார் என்று தெரியவில்லை.
4. அவசர வண்டி வந்துபோனது பற்றி. (பயப்பட வேண்டாம்.)
5. சம்பந்தியம்மாவின் ஜெரேனியம் பற்றி.

ஞாயிறன்று வீட்டை என் பொறுப்பில் விட்டு நீங்கள் புறப்பட்டுப் போனதும் ரவுஷான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "அப்பா, எதையும் ரெண்டு தடவை யோசிக்காதீங்க. மாமா எழுதி வச்சதை மட்டும் செய்ங்க. நாற்பது பேர் வர்ற விசேஷம், பச்சைப் பிள்ளையோட வர்றேன், வீடு சில்லுன்னு கிடந்தா அந்த வீட்ல எனக்கு மானம் போயிடும்" என்றாள். நான் யோசிக்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தது சரிதானா என்று அன்று மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். திங்களன்று காலை என் மனைவி நெசிப்குல் எங்கள் வீட்டிலிருந்து தொட்டில் போர்வை மூட்டையைக் கொடுத்தனுப்பினாள்; அதை உள்ளறையில் வைத்தேன். அன்று மாலை குளிர் மைனஸ் இருபத்தாறுக்கு இறங்கியது. முப்பத்தொரு வருடம் வானிலை நிலையத்தில் அளவெடுத்தவன் என்பதால் இதில் தவறு இருக்காது, இருந்தால் அரை டிகிரிதான்.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்தால் உள்ளே பதினான்கு டிகிரி, பாய்லரில் சிவப்பு விளக்கு. உங்கள் தாளை இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதே, ஜன்னலைத் திற, வெளியே போய் கேஸ் அவசர எண் நூற்று நான்குக்குப் போன் செய் என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். மோந்து பார்த்தேன், வாசனை இல்லை, ஆனால் என் மூக்கை நான் நம்புவதில்லை என்பதால் ஜன்னலருகே போய் நல்ல காற்றை இழுத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி மோந்தேன், இல்லை. கேஸ் குழாயின் பிடி குழாயோடு நேராக இருந்தது. அழுத்தமானியின் முள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், சரியாகச் சொன்னால் ஒன்று புள்ளி நான்கில் நின்றது. மின்சாரம் இருந்தது. அடுத்து "வெளியே போய்ப் புகைக்குழாயைப் பார்" என்று எழுதியிருந்தீர்கள். போய்ப் பார்த்தேன். குழாய் இருந்தது. திரும்பி வந்து அதற்கு நேராக டிக் போட்டேன்.

பிறகு பொத்தானை ஐந்து வினாடி அமுக்கினேன். சுடர் வந்தது, ஒரு நிமிடம் பத்து வினாடி எரிந்தது, மறுபடி சிவப்பு. நீங்கள் சொன்னபடி கால் மணி நேரம் காத்திருந்து இன்னொரு முறை. அதே கதி. மூன்றாவது முறையும் அதே. "மூன்றுக்கு மேல் வேண்டாம், சாக்கேனைக் கூப்பிடு" என்று அடிக்கோடிட்டிருந்ததால் பாய்லர் பழுதுபார்க்கும் சாக்கேனுக்குப் போன் செய்தேன். அவர் மச்சான் கல்யாணத்தில் இருப்பதாகவும், மதியத்துக்குள் வந்துவிடுவதாகவும் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

இதற்குள் பக்கத்து வீட்டு உமித் வந்துவிட்டாள். பாய்லரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, இதுக்குக் கண் பட்டிருக்கு."

"பாய்லருக்கா?"

"புதுசு, வெள்ளை வெளேர்னு இருக்கு, தெருவே பேசுது. கண்படாம என்ன பண்ணும்? இருங்க, அடிரஸ்பான் புகை போடறேன்."

நான் படித்தவன், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனால் நம்பாதது சரியா என்று ஒரு சந்தேகம் வந்ததால் வாணலியை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாணலியில் அந்தக் காய்ந்த செடியைப் பற்றவைத்து பாய்லரை மூன்று சுற்றுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில், விஷவாயு வந்தால் கத்துவதற்காக நீங்கள் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டி கத்த ஆரம்பித்தது. அது கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்றும் தாளில் இருந்தது, ஆகவே செய்தேன்: கேஸை அடைத்தேன், எல்லா ஜன்னலையும் திறந்தேன், தொட்டில் போர்வை மூட்டையைத் தூக்கிக்கொண்டு, உமித்தையும் வாணலியையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து நூற்று நான்குக்குப் போன் செய்தேன். பதினோரு நிமிடத்தில் வண்டி வந்தது. இரண்டு பேர் கருவியோடு உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், உமித் கையிலிருந்த வாணலியை மோந்து பார்த்தார்கள். பெரியவர் என்னிடம் சொன்னார்: "அய்யா, கூப்பிட்டது நல்லது. கத்துச்சுன்னா எப்பவும் கூப்பிடுங்க. ஆனா அடுத்த தடவை அம்மாவைத் தோட்டத்துல புகை போடச் சொல்லுங்க." சின்னவர் சிரிப்பை அடக்கமுடியாமல் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். உமித் விடவில்லை: "பாத்தீங்களா அண்ணே, எவ்வளவு பலமான கண்ணு, பெட்டியே அலறிடுச்சு!"

ஜன்னல்களை அடைத்தபோது உள்ளே ஆறு டிகிரி. ஜெரேனியத்தில் மூன்று இலைகள் கறுத்துவிட்டன, மீதி பதினாறு நன்றாக இருக்கின்றன. ஐந்தாவது விஷயம் இதுதான். இங்கேயே சொல்லிவிட்டேன்.

சாக்கேன் கல்யாணச் சட்டையோடு வந்தார். பாய்லரைத் திறக்கக்கூட இல்லை, நேராக வெளியே போனார். வெளியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியாமல் நானும் உமித்தும் ஓடினோம்.

"யாரு இந்தக் குழந்தையைத் துணியில சுத்தினது?" என்றார்.

புகைக்குழாயின் மேல் ஒரு கம்பளி, இரண்டு மடிப்பாக, கயிற்றால் நான்கு இடத்தில் கட்டப்பட்டு இருந்தது.

"அண்ணே, இது ரெட்டைக் குழாய். உள்குழாய்ல புகை போகுது, வெளிக்குழாய்ல காத்து வருது. ரெண்டையும் சேத்து மூடினா? எனக்கு மூச்சு முட்டுதுன்னு பாய்லர் சிவப்பு விளக்கைப் போட்டுச் சொல்லுது. நீங்க, வாயை மூடிட்டு வேலையைப் பாருன்னு அமுக்கிட்டே இருக்கீங்க. நல்லவேளை, அதுக்கு உங்களைவிட புத்தி இருக்கு, நின்னுடுச்சு. பழைய பாய்லரா இருந்தா புகை வீட்டுக்குள்ள திரும்பியிருக்கும். நாளைக்கு ஊரே உங்க வீட்டுக்கு அழ வந்திருக்கும்."

"குதிரைக்குப் போத்தற மாதிரில்ல போத்தியிருக்கு," என்றாள் உமித். "முடிச்சைப் பாருங்க, நாலும் ஒரே அளவு. நிதானமான ஆளு கட்டினது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் எட்டில் ஒரு பங்கு.

சாக்கேன் கம்பளியை அவிழ்த்துப் போட்டு, குழாயின் வாயில் படிந்திருந்த உறைபனியைத் துடைத்து, உள்ளே வந்து கேஸைத் திறந்து, பொத்தானை ஒரே ஒரு முறை அமுக்கினார். சுடர் வந்தது. அப்போதிலிருந்து அணையவில்லை. மணிக்கொரு முறை பார்த்துக் குறித்திருக்கிறேன், நோட்டு அலமாரியில் இருக்கிறது. எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கும் தேநீரும் கொடுத்து அவரை அனுப்பினேன். அந்தக் கம்பளி தோட்டத்துக் கொடியில் தொங்குகிறது. உரியவர் வந்து கேட்டால் கொடுத்துவிடலாம்.

உங்கள் வீட்டில் சூடும், வாசலில் விருந்தினரும், தொட்டிலில் அழுகையும் என்றும் குறையாமலிருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பேரனின் உச்சந்தலையில் எனக்காக ஒரு முத்தம்.

தங்கள் அன்புள்ள,
செயில்கான்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்தபின் பதினொன்று இருபதுக்கு நெசிப்குல் தொட்டிலோடு வந்தாள். மூட்டையை அவிழ்த்து எண்ணினாள்.

"தொட்டில் மேல போட ஏழு போர்வை குடுத்தனுப்பினேன். ஆறுதான் இருக்கு. ஏழாவது எங்க?"

"வெளியே காயுது."

"தண்ணியே படாதது எதுக்குக் காயுது?"

"புகை வாசனை."

அவள் வெளியே போனாள், வந்தாள், சர்க்கரைக் கிண்ணத்தைத் தூக்கினாள், கடிதத்தைப் படித்தாள். "யார்னு தெரியலையாமே! பேரன் தொட்டிலுக்கு முதல் போர்வையா ஒரு பொய்யைப் போத்தப் போறீங்களா?" என்றாள். வேறு தாளில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "எத்தனை தாள் எழுதினாலும் முடிச்சு உங்க முடிச்சுதானே" என்றாள்.

ஆகவே, வானிலை நிலையத்தின் விதிப்படி, தவறான பதிவை நான் அழிக்கவில்லை. கோடு போட்டு, அதன் கீழே சரியானதை எழுதுகிறேன். திங்கள் மாலை, மைனஸ் இருபத்தாறில், அந்தக் குழாய் சுவருக்கு வெளியே அம்மணமாக நீட்டிக்கொண்டு நின்றது. அதன் வாயில் பனி படிந்திருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு முறை, இரண்டாவது தடவை யோசிக்காமல் ஒரு காரியம் செய்தேன்.

மூன்றாவதாக எழுதியது தவறு. அந்த யாரோ நான்தான்.