பின்பால் மெஷினுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்

என் மேல் பாசமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபமும் உள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நாலாவது ஆளுக்குத்தான் சுகமில்லை. நாலாவது ஆள் என்றது, முன்னறையில் நீங்கள் விட்டுப்போன, குண்டுப் பந்தை ஓடவிட்டு மணியடிக்க வைக்கிற உங்கள் பின்பால் விளையாட்டு மெஷினை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் பாப்பா தூங்கியபின் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"உம் பொண்ணு தூக்கத்தைக் கெடுக்குறது மெஷினா, நானா?" என்று கேட்டீர்கள். "ரெண்டும்தான்" என்று வாய்தவறிச் சொன்னேன். அதற்காக ஆபீஸ் பக்கத்திலேயே அறை எடுத்துப் போய்விடுவதா? நீங்கள் போனதிலிருந்து, ராத்திரி நீங்கள் ஆடும்போது கேட்கிற மணிச் சத்தத்தில் விழித்துக்கொண்டிருந்த பிள்ளை அந்தச் சத்தம் இல்லாமல் கண்ணை மூடமாட்டேன் என்கிறது, சரி, நாமே ஆடுவோம், அதற்குமுன் துரு கிரு பிடித்திருக்கிறதா பார்ப்போம் என்று கண்ணாடியைக் கழற்றி, பலகையைத் தூக்கி முட்டுக்கொடுத்தால், பந்து பட்டதும் எகிறி மணியை அடிக்குமே அந்த இரும்புத் தண்டுகள், பாவம், வறண்டு கிடந்தன, பாப்பாவுக்குத் தேய்க்கிற எண்ணெயை ஒவ்வொன்றுக்கும் நாலு சொட்டு விட்டேன். பிள்ளைக்கு நல்லது மெஷினுக்குக் கெடுதலா செய்யும்? செய்தது சித்தி! முதலில் வழுக்கிக்கொண்டு ஓடியது, அப்புறம் தூசியெல்லாம் ஒட்டிப் பிசினாகி, சின்ன மணி நின்றது, நடு மணி நின்றது, பெரிய மணி மட்டும் ஈரத்துணி விழுந்தாற்போல் 'தொப்' என்றது. நானோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், ஸ்பீக்கர் போய்விட்டது என்று தீர்ப்பெழுதி, டார்ச்சோடு பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடினேன், தேடினேன், அந்தக் காலத்து மெஷினில் ஸ்பீக்கரே கிடையாதாம்!

"சித்தி கோவிச்சுக்கிட்டு வெளிய போனாங்க, நீ கோவிச்சுக்கிட்டு உள்ள போறியா?" என்கிறார் இவர்.

"கிண்டல் அப்புறம் பண்ணுங்க. தலை மாட்டிக்கிச்சு, முதல்ல இழுங்க!"

பாப்பாவைத் தூக்கிப் பிடித்தால் பட்டனை அமுக்குகிறாள், சத்தம் வராது, உடனே வாசல் கதவைப் பார்க்கிறாள். சித்தி போனதால்தான் மணியும் போச்சு என்பது அவள் கணக்கு. கணக்கில் தப்பில்லையே சித்தி?

ஆகவே, இது எங்கள் கைக்கு அடங்காத கேஸ். நீங்கள் வந்து தொட்டால்தான் பிழைக்கும். ஸ்க்ரூடிரைவரோடு துணிமணிப் பெட்டியையும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், திட்டுவதற்குத் தெம்பு வேண்டாமா?

என்றும் உங்கள்,
பயந்தாங்கொள்ளி

பி.கு.: கவரை ஒட்டப்போன நேரத்தில் இவர், "தொடைச்சுப் பார்த்தா என்ன?" என்று தண்டுகளைக் கழற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து மாட்டிவிட்டார். மூன்று மணியும் கணீர் கணீர் என்கின்றன. பாப்பா எழுந்து சிரித்தாள், கதவைப் பார்த்தாள், உங்களைக் காணோம் என்றதும் ஒரே அழுகை. ஆக, மெஷினில் இப்போது ஒரு கோளாறும் இல்லை. அதைச் சாக்காக வைத்து வராமல் இருந்துவிடாதீர்கள். எண்ணெய் பாட்டில் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.