பொறுங்க சாரும் மீமிசல் சேதிப்பெட்டியும்

உலகத்தில் எந்த வரிசையிலும் முன்னால் போக ஆசைப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் எங்கள் ஆபீஸில்தான் வேலை பார்த்தார். அவருக்கு என்று ஒரு பெயர் உண்டு. சம்பளம் போடுகிற அன்றைக்கு மட்டும் எனக்கு அது ஞாபகம் வரும். மற்ற நாட்களில் எங்களுக்கும் கீரனூர் கடைத்தெருவுக்கும் அவர் 'பொறுங்க சார்'. எதைக் கேட்டாலும் முதலில் வருகிற வார்த்தை 'பொறுங்க'. வீடு பற்றி எரிகிறது என்று போய்ச் சொன்னாலும், 'பொறுங்க, எந்தப் பக்கம் முதல்ல பிடிச்சுச்சு?' என்று கேட்பார் என்பது டீக்கடைக்காரருடைய கணிப்பு.

எங்கள் ஆபீஸ் திருச்சி ரோட்டின் மேல் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. சாப்ட்வேர் கம்பெனி என்று போர்டு சொல்லும். கீழேயிருந்து ஏறி வருகிற யூரியா வாசனை அதை நம்ப விடாது. நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. போன் எடுக்கிற வேலைக்குப் போனவள், காதில் விழுந்ததையெல்லாம் வைத்துத் தொழிலைத் தெரிந்துகொண்டேன்.

தொழில் இதுதான். கடலில் கொஞ்ச தூரம் தாண்டினால் செல்போன் டவர் கையை விரித்துவிடும். அதற்காகப் படகுக்கு ஒரு சின்னச் சேதிப்பெட்டி. கரையில் இருக்கிற பெட்டி பக்கத்துப் படகின் பெட்டிக்குச் சொல்லும், அது அதற்கடுத்த படகுக்குச் சொல்லும். இப்படியே கைமாறிக் கைமாறி, தண்ணீர் நிறம் மாறுகிற இடம் வரைக்கும் வார்த்தை போய்ச் சேரும். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சாப்ட்வேர் பொறுங்க சாருடையது. மீமிசலில் ஒரு நாட்டுப்படகுச் சங்கம் அதைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. சங்கத் தலைவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"காத்து மாறுனா கரையிலேர்ந்து நாங்க சொல்றது கடல்ல இருக்கிறவனுக்கு நேரத்துக்குப் போகணும். மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம். அது லேட்டாச்சுன்னா ஆளு திரும்ப மாட்டான்."

பொறுங்க சார் அதைக் கேட்டுத் தலையாட்டிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. யாரோ கையில் குழந்தையைக் கொடுத்தது போல இருந்தது.

அவருக்கு ஊர் ஆவூர். காலையில் பஸ்ஸில் வந்து கீரனூரில் இறங்குவார். இறங்கினதும் ஆபீஸுக்கு வந்துவிட மாட்டார். திருச்சிக்கு வேலைக்குப் போகிற கூட்டம் பஸ்ஸை மொய்க்கிற நேரம் அது. எதிரே நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கண் திறந்திருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் படியில் கால் வைப்பதால் ஒருத்தரும் ஏற முடியாமல் நிற்கிற கணம் ஒன்று இருக்கிறதே, அதைத் தேர் நிலைக்கு வருவதைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார். ஒருநாள் கண்டக்டர், ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டிருக்கிறார். ஏற வரவில்லை, பார்க்க வந்தேன் என்றாராம் இவர். உள்ளே இடம் கிடக்கிறது, படியில்தான் இல்லை என்றும் சொன்னாராம். அந்தக் கண்டக்டர் பிறகு என்னிடம் சொன்னார்: "அவரு நின்னு பாக்குற அன்னைக்குக் கூட்டத்துக்கே வெக்கம் வந்துருதுங்க. ஒவ்வொருத்தரா ஏறுறாங்க." நல்ல பேச்சு எங்கே கேட்டாலும் முந்தானையில் முடிந்துகொள்கிற பழக்கம் எனக்கு. இதையும் முடிந்துகொண்டேன்.

பெட்டிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. காற்றில் இருக்கிற பாதை ஒன்றுதான். இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் குழம்பிப் போகும். அப்படி மோதிக்கொண்டால் இரண்டும் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கு ஒரு நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். மறுபடியும் மோதினால் இன்னும் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். பெட்டிக்கு எழுதின இந்தச் சட்டத்தை மனிதர் தனக்கும் போட்டுக்கொண்டார். பேசும்போது நாம் குறுக்கே வாயைத் திறந்துவிட்டால் போதும், அப்படியே நிறுத்திவிடுவார். ஃபேன் சுற்றும். கீழே லாரியில் உரமூட்டை ஏறும் சத்தம் கேட்கும். தெரியாமல் இன்னொரு தடவை மோதிவிட்டோம் என்றால் நாம் போய் டீ குடித்துவிட்டே வரலாம்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் ஒதுங்கியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள். இவர் நிறுத்திவிட்டார். திரும்பவும் ஒரே நேரம், திரும்பவும் நிறுத்தல். வெளியே காபி ஆறிப் போயிற்று. பெண் எழுந்து போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். போகவில்லை. அந்தப் பெண்தான் இன்றைக்கு அவர் மனைவி. ஏன் சம்மதித்தீர்கள் என்று நான் கேட்டதற்கு அந்த அம்மாள், "நான் பேசுறப்ப குறுக்க பேசாத ஒரு ஆம்பளையை அன்னைக்குத்தாங்க பாத்தேன்" என்றார்.

இவ்வளவு தெரிந்தவருக்கும் ஆவூர்க் கோயிலில் ஒரு சறுக்கல் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரம். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு நீள வரிசை. முன்னால் நின்ற ஒரு பெரியவர் பால்யத்திலிருந்து தொடங்கிவிட்டார். பின்னால் நின்றவர்கள் வெயிலில் வதங்கினார்கள். சின்ன வேலைகளை முதலில் அனுப்பிவிட்டால் எல்லோருடைய காத்திருப்பும் மொத்தத்தில் குறையும் என்பது பொறுங்க சாரின் தொழிலில் ஆனா ஆவன்னா. கோயில் படியில் ஏறி நின்றார். சின்னப் பாவம் செய்தவர்கள் இங்கிட்டு, பெரிய பாவம் செய்தவர்கள் அங்கிட்டு என்று வரிசையை இரண்டாகப் பிரித்துவிட்டார்.

சின்னப் பாவ வரிசை ரோடு வரைக்கும் போயிற்று. பெரிய பாவ வரிசையில் ஓர் ஈ கூட நிற்கவில்லை. அதில் நின்றவன் வீட்டில் நாளைக்கு யார் சம்பந்தம் வைப்பார்கள்? பொறுங்க சார் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வரிசை வெறுமனே கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை. தானே போய் அதில் தன்னந்தனியாக நின்றுவிட்டார். பங்குச் சாமியார் பதறிப் போய் அவரை முதலில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, என்னப்பா செய்துவிட்டாய் என்று கேட்டாராம்.

"ஒண்ணுமில்லைங்க சாமி. வரிசை சும்மா கெடந்துச்சு, நின்னேன்."

இதை அவரே எங்களிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு பூசையில் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மனசை விட்டுவிடாதே என்று ஆறுதல் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னார்.

இதற்குப் பிறகாவது மனிதர்களை வரிசை பிரிக்கிற ஆசை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மீமிசல் பெட்டியில் இரண்டு வரிசை வைத்தார். சாதாரணச் சேதிக்குப் பச்சைப் பொத்தான், அவசரத்துக்குச் சிவப்பு. காற்று மாறினால் சங்கம் சிவப்பை அமுக்கும், அது எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடும். ஆவூரில் நடந்ததை நான் ஞாபகப்படுத்தினேன். "பாவத்தைத்தான் மேடம் மறைப்பாங்க. அவசரத்துல யாரு பொய் சொல்லப் போறா?" என்றார்.

யாரும் பொய் சொல்லவில்லை. மரியாதை காட்டினார்கள். கரைப்பெட்டியில் வந்து வீட்டுக்காரருக்குச் சேதி அனுப்பும்போது அவசரமில்லை என்று போட்டு அனுப்புவது அவமரியாதை என்று மீமிசல் கரை முடிவு செய்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப் போனால் எவ்வளவு வருத்தமோ, அவ்வளவு வருத்தம் பச்சையில் வந்த சேதிக்கு. பச்சையில் விசாரித்துவிட்டார்கள் என்று ஒரு மாப்பிள்ளை மாமியார் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். பஞ்சவர்ணம் என்று ஒரு அக்கா, படகுக்காரர் ஒருத்தரின் மனைவி, எனக்கு போன் போட்டுச் சண்டைக்கே வந்தார். "அந்த மனுசன் கடல்ல கெடக்கு. நான் பச்சையை அமுக்குனா, எனக்கு ஒண்ணும் அவசரமில்லன்னு நெனைச்சுக்காதா?" என்றார்.

ஆக எல்லாம் சிவப்பு. சேதி போகவில்லையோ என்று சந்தேகப்பட்டு அதையே திரும்பத் திரும்ப அமுக்குகிறவர்கள் வேறு. வரிசை நிறைந்தால் மேலே வருவதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது தொழில் வழக்கம். பொறுங்க சாருக்கு மனசு வரவில்லை. வாசலுக்கு வந்தவரை இடமில்லை என்று எப்படிச் சொல்வது என்று வரிசையை நீட்டிக்கொண்டே போனார். அதனால் ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் நேரத்துக்குப் போகவும் இல்லை. குழம்புக்கு மீன் எடுத்து வை என்கிற சேதி, அந்த மனிதர் குழம்பைச் சாப்பிட்டு ஏப்பம் விடும்போது வரும். முந்தாநாள் சண்டையில் அனுப்பின வசவு, சமாதானம் ஆகி வீடு சிரித்துக்கொண்டிருக்கும்போது வந்து இறங்கும். சண்டை முதலிலிருந்து தொடங்கும்.

என்னதான் நடக்கிறது என்று பார்க்க அவரும் நானும் ஒரு காலையில் மீமிசல் போய் இறங்கினோம். அந்தக் கடலுக்கு அலை கிடையாது. பெரிய கண்மாய் ஒன்று வானத்தோடு போய் ஒட்டிக்கொண்டது மாதிரி கிடக்கும். விடியலில் போன படகுகள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. சங்கக் கொட்டகையில் கரைப்பெட்டியோடு தன் கம்ப்யூட்டரை மாட்டிவிட்டு, பொறுங்க சார் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். இந்தத் தண்ணிக்கு மேலே இத்தனை பேர் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது, ஒரு சத்தமும் கேட்கவில்லையே மேடம் என்றார். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கும் தூக்கம் வருகிற மாதிரி, கனவு வருகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் சங்கத் தலைவர் கொட்டகைக்கு வெளியே போய் நின்று மூக்கைத் தூக்கினார். தெற்கே வானத்தின் ஓரம் கறுத்திருந்தது. உள்ளே வந்து, காத்து மாறுது எல்லாரும் கரைக்கு வாங்க என்று அடித்து, சிவப்பை அமுக்கினார்.

அந்தச் சேதி போய் ஒரு தெரு நீளத்துக்கு நின்ற சிவப்பு வரிசையின் கடைசியில் நின்றது.

பொறுங்க சார் அதை இழுத்து முன்னால் விட்டார். பிரயோஜனமில்லை. அடுத்த படகின் பெட்டியிலும் அதே நெரிசல், அதற்கடுத்ததிலும் அதே. ஒவ்வொரு வாசலிலும் அது கடைசி ஆளாக நின்றுதான் போக வேண்டும். ஒரே வழிதான் இருந்தது. பெட்டிக்குப் பெட்டி பேசிக்கொள்கிற கட்டளை ஒன்று, அதற்கு மட்டும் வரிசை இல்லை. கையில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடு என்பதுதான் அது. எழுதி வைத்திருந்தாரே தவிர ஒருநாளும் தொட்டதில்லை. விரல் கீபோர்டுக்கு மேலே நின்றுவிட்டது.

"அதுக்குள்ள யாரோ என்னமோ சொல்லியிருப்பாங்களே" என்றார்.

தலைவர் கத்தவில்லை. "சொல்லியிருப்பாங்க தம்பி. கேக்குறதுக்கு ஆளு வரணும்ல?"

அமுக்கினார். திரையில் இருந்த சிவப்பெல்லாம் போய், விடிந்த மாதிரி வெளுத்தது. அந்த வெளுப்பில் ஒரே ஒரு சேதி தனியாக நடந்து போயிற்று. கிட்டத்துப் படகு, சேதி கிடைத்தது என்று பதில் சொன்னது. அதற்கடுத்தது சொன்னது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைக்கோடியில் இருந்த படகு மட்டும் பேசவில்லை. இன்னொரு தடவை அனுப்புங்க என்று தலைவர் அவர் தோளைப் பிடித்தார். 'பொறுங்க' என்றார் எங்கள் சார். அந்த வார்த்தையை அவர் சொல்லிக் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். வெளியே கொட்டகையின் கீற்று படபடக்க ஆரம்பித்தது. பிறகு அந்தப் படகும் பேசியது.

கொஞ்ச நேரத்தில் கடலின் ஓரத்தில் எள் தெளித்த மாதிரி படகுகள் தெரிந்தன. கரையில் பெண்கள் கூடிவிட்டார்கள். பொறுங்க சார் எழுந்து அவர்களிடம் போனார். ஒங்க சேதி எதுவும் போகலைங்க, நான்தான் கொட்டிட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். ஆள்தான் வருகிறதே, சேதி கிடக்கட்டும் என்று பஞ்சவர்ணம் அக்கா சொல்லியும் கேட்கவில்லை. என்ன அனுப்பினீர்கள் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டார். பேண்ட்டை மடக்கக்கூட இல்லை, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு, வந்து சேர்ந்த படகுக்கெல்லாம் சேதி சொன்னார். பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். மிளகாய்த்தூள் தீர்ந்துபோயிற்றாம். நேற்றுச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாமாம். அத்தனை பேரும் நனைந்த வலையைத் தோளில் போட்டபடி, கடிதாசி வாங்குகிற மாதிரி நின்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரமே அவர் சிவப்புப் பொத்தானைச் சங்கத்துக்கு மட்டும் என்று மாற்றினார். வரிசை நிறைந்தால் பெட்டியே வாசலில் மறித்து இடமில்லை என்று சொல்லிவிடும்படியும் எழுதினார். சங்கம் எல்லாப் படகுக்கும் பெட்டி கேட்டது. அதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்குக் கடைசியாக வந்தது அந்தக் கடைக்கோடிப் படகு. அதில் இருந்தவன் புதிதாகக் கல்யாணம் ஆனவன். அவன் மனைவி கூட்டத்தில் சேராமல் தள்ளி நின்றிருந்தாள். பொறுங்க சார் கேட்டபோது மணலைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லைங்க, சும்மாதான் அனுப்புனேன்" என்றாளாம். அதையும் அவர் விடவில்லை.

"தம்பி, ஒங்க வீட்டுல சும்மாதான் அனுப்புனாங்களாம்."

அவன் படகைக் கட்டக்கூட மறந்து தண்ணீரில் நின்றான். மழை ஆரம்பித்திருந்தது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, கரையைப் பார்த்துச் சிரித்தான். சாரும் அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவன் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கூப்பிடத்தான் போனேன். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும், கூப்பிடாமல் நானும் நனைந்துகொண்டு நின்றுவிட்டேன்.