இரும்பாண்டி சாமியும் இடப்பக்கம் இழுத்த சைக்கிளும்

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளில் ஊர் அதிகமாகப் பேசியது சைக்கிளைப் பற்றி. அதற்கு அடுத்தபடியாகப் பேயைப் பற்றி. இரண்டும் ஒரே மரப்பெட்டியில் வந்தன என்பதுதான் விசேஷம்.

சீமையிலிருந்து வந்த எஃகு சைக்கிள்களை ஊரில் விற்றவர் காசிலிங்கம் ஒருவர்தான். சண்டைக் காலம் முழுக்க ஒரு டியூபுக்குக்கூட வழியில்லாமல் கிடந்த ஊர், பளபளக்கும் கறுப்பு வண்டிகளைக் கண்டதும் கடை வாசலில் கூடிவிட்டது. வாங்குகிறவர்கள் பக்கத்துச் சந்தில் கடற்கரையை ஒட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்றார் காசிலிங்கம். ஓட்டிப் பார்த்த அத்தனை பேரும் முகம் வெளுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார்கள். வண்டி நேராகப் போகவில்லை. கடல் பக்கமாகவே இழுத்தது. போதாததற்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

காரணத்தைச் சொல்ல ஒரு மகான் தயாராக இருந்தார். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. எதற்கு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இரும்பைத் தொட்டால் அதன் பூர்வ கதை அவருக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் இரும்பாண்டி சாமி என்று பெயர்.

"சண்டையில முங்கிப் போன கப்பல உருக்கிச் செஞ்ச வண்டி இது. கப்பலோட செத்த சிப்பாயி குழாய்க்குள்ள இருக்கான். கடலப் பாத்ததும் அவன் கப்பலுக்குப் போகணும்னு இழுக்கான்" என்றார் சாமி.

கூட்டம் நடுங்கியது. மூழ்கின கப்பலை யார் எடுத்தார்கள், எங்கே உருக்கினார்கள் என்று கேட்பதற்குக் கொஞ்சம் நேரமாகும். நடுங்குவதற்கு நேரம் வேண்டாம்.

பரிகாரமும் சாமியிடமே இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் கடைக்குப் பின்னால் காவித்துணிக் கூடாரம். உள்ளே சாமியும் சைக்கிளும் மட்டும். வெளியே உடுக்கு, மணி, சாம்பிராணி. சாமி வெளியே வரும்போது சைக்கிள் அம்பு போல நேராக ஓடும், முனகல் இருக்காது. காணிக்கை மட்டும் சைக்கிள் விலையில் பாதியைத் தொட்டது. சாமிக்கு மத பேதம் கிடையாது. திருநீறு பூசினார், தாயத்துக் கட்டினார், பனிமய மாதா பேரைச் சொல்லித் தண்ணீரும் தெளித்தார். எந்த மதத்துக்காரனாக இருந்தாலும் பேய்க்கு ஒரே கட்டணம்.

ஊரில் பழைய வண்டிகளைப் பழுது பார்க்கிறவர்கள் இல்லாமல் இல்லை. பேயோட்டாத வண்டியின் நட்டைத் தொட்டால் அந்தக் கை விளங்காது என்று சாமி சொல்லியிருந்தார். கையை நம்பிப் பிழைப்பவர்கள், தொடவில்லை.

இந்தக் கடைக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் மெட்டில்டா வந்தாள்.

மெட்டில்டா பிரசவம் பார்க்கிற நர்ஸ். நாசரேத்து மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவள். உப்பளத்துக்கு அப்பால் இருக்கிற குடிசைகளுக்கெல்லாம் அவள்தான் போக வேண்டும். நடந்துதான் போக வேண்டும். போன மாதம் ஒரு வீட்டுக்கு வேகாத வெயிலில் உப்பு வரப்பு மேல் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, குழந்தையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். அழுகைச் சத்தம் தாயுடையது மட்டும். திரும்பி வரும் வழியெல்லாம் மெட்டில்டா ஒன்றைத்தான் நினைத்தாள். சைக்கிள் இருந்திருந்தால் முன்னாலேயே வந்திருப்பேன்.

கடையில் பெண்கள் ஏறுகிற வளைந்த குழாய் வண்டி ஒன்று வாங்க ஆளில்லாமல் நின்றது. அவளைக் கண்டதும் காசிலிங்கம் எழுந்தே விட்டார்.

"ஓட்டத் தெரியுமா நர்சம்மா?"

"நாசரேத்துல எங்க டாக்டரம்மா வண்டியில படிச்சேன் அண்ணாச்சி. பஞ்சரும் நானே ஒட்டுவேன்."

காசிலிங்கத்தின் சிரிப்பு லேசாகச் சுருங்கியது.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். சந்தில் இறங்கியதும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. 'ம்ம்ம்' என்றது. இடப்பக்கம் கடல். எல்லாம் சாமி சொன்னபடிதான். மெட்டில்டாவுக்கும் ஒரு கணம் முதுகு சில்லிட்டது, சும்மா சொல்லக்கூடாது. கோடியில் போய் வண்டியைத் திருப்பினாள். இப்போது கடல் வலப்பக்கம். வண்டி அப்போதும் இடப்பக்கமே இழுத்தது.

அவள் இறங்கி முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். சக்கரம் அதைத் தாங்குகிற கவட்டைக் குழாயின் இரண்டு கால்களுக்கும் நடுவே நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயர் மட்கார்டில் உரசிக்கொண்டிருந்தது. சிப்பாய் முனகிய இடம் அதுதான்.

கடைக்குத் திரும்பியபோது சாமி நாற்காலியில் வீற்றிருந்தார். பக்கத்தில் மூஸா நெய்னா நின்றார். காயல்பட்டினத்து வியாபாரி, அண்ணன் என்ற பொருளில் ஊருக்கே 'காக்கா'; தன் மூன்று சைக்கிளுக்கும் பேயோட்டியவர், அந்தப் பெருமையில் சாமிக்குப் பாதி சீடர்.

"போறப்ப கடல் பக்கமா இழுத்திச்சு சாமி. வாரப்ப கடலுக்கு எதிர்ப்பக்கமா இழுக்கு. அந்தப் பக்கம் கள்ளுக்கடைதான இருக்கு?" என்று கேட்டாள் மெட்டில்டா.

சாமி கண்ணை மூடினார், திறந்தார். "கப்பல்காரன்லா? கள்ளுக்கும் ஆசப்படுவான்."

கூட்டம் தலையாட்டியது. மூஸா நெய்னா வியந்துபோய், "பாத்தியளா? எந்தக் கேள்விக்கும் பதில் வச்சிருக்காரு" என்றார். பதில் இருந்தால் போதும், சரியாகவும் இருக்க வேண்டுமா என்ன?

"முன்சக்கரம் கோணலா மாட்டியிருக்கு அண்ணாச்சி. ஒரு ஸ்பேனர் குடுங்க, நானே சரி பண்ணிக்கிடுதேன்."

"ஐயையோ!" காசிலிங்கம் காதைப் பொத்திக்கொண்டார். "பேயோட வண்டிய வித்துட்டு அந்தப் பாவத்த நான் எங்க கொண்டு போயிக் கழுவுவேன்? பூசை போடாம ஒரு வண்டியும் இங்கேருந்து போகாது."

"பொம்பளை வண்டிலா, பேய் இறுக்கிப் பிடிச்சிருக்கும். மூணு வெள்ளிக்கிழமை பூசை வேணும்" என்று சேர்த்துக்கொண்டார் சாமி.

உப்பளத்தில் சக்கீனா என்று ஒரு பெண்ணுக்கு நிறைமாதம். மூன்று வெள்ளிக்கிழமை வரை அந்தக் குழந்தை காத்திருக்காது. மெட்டில்டாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட்டு ஊரை மாற்றியவர் எவரையும் அவள் கண்டதில்லை.

"இந்த வெள்ளிக்கிழமையே முடிச்சுக் குடுங்க சாமி. காணிக்கைக்குக் குறை வைக்க மாட்டேன்" என்றாள் பணிவாக.

பணிவைக் கண்டால் சாமிமார்களுக்கு இரக்கம் வந்துவிடும். ஒரே வெள்ளிக்கிழமையில் முடித்துத் தருவதாக வரம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை. பொம்பளை வண்டியில் பேயோட்டுகிறார்கள் என்றதும் துறைமுகத்துச் சுமைகாரர்கள் முதல் சங்குக்கிடங்கு வேலையாட்கள் வரை வந்து நின்றார்கள். மெட்டில்டாவின் பெரியப்பா மகன் ரோச் முன்வரிசையில் நின்றான். மனைவியின் கம்மலை அடகு வைத்துச் சைக்கிளுக்குப் பேயோட்டியவன் அவன். சொன்னால் கோபித்துக்கொள்வான்.

"ஏளா, சாமிகிட்ட எதுத்துப் பேசினியாமே? அவரு சபிச்சா உன் கை முடங்கிப் போகும்" என்றான்.

"முடங்குனா பாத்துக்கிடலாம்ணே."

பேய் இருப்பதை ஊர் பார்க்க வேண்டுமல்லவா? பூசைக்கு முன்னால் வண்டியை ஒருமுறை ஓட்டிக் காட்டுவது வழக்கம். மெட்டில்டா ஓட்டினாள். சந்து வளைகிற இடத்தில், கிடங்குச் சுவரின் மறைவில் இறங்கி, மருந்துப் பையைத் திறந்தாள். புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைத் தண்ணீரில் கரைக்காமல் பொடியாகவே வாஸலின் களிம்பில் குழைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பஞ்சால் தொட்டு, முன்சக்கரத்து இரண்டு நட்டுகளின் அடிப்பக்கத்திலும் தடவினாள். பிறகு இழுப்பும் முனகலுமாகத் திரும்பி வந்தாள். கூட்டம் 'ஆ' என்றது.

சாமி வண்டியைக் கூடாரத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். உடுக்கு அலறியது. மணி கூடவே அலறியது. உள்ளே சாமி பேயைத் திட்டுகிற சத்தம் கேட்டது; பேய் பதில் பேசவில்லை. சாம்பிராணிப் புகையில் கூடாரம் மட்டுமல்ல, கடையே காணாமல் போனது.

கடைசியில் திரை விலகியது. சாமி வியர்வை வழிய வெளியே வந்தார். புகையில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. வழக்கம்போல் செம்புக்குள் கையை விட்டுக் கூட்டத்தின் மேல் தண்ணீரைத் தெளித்தார்.

தண்ணீர் ஊதா நிறமாக வந்து விழுந்தது.

ரோச்தான் முதலில் கத்தினான். "அற்புதம்! மாதாவே, அற்புதம்!"

அவ்வளவுதான். ஊரே சாமி காலில் விழுந்தது. ஊதாத் துளி படுவதற்காக முண்டியடித்தார்கள். ஒருவன் நெற்றியில் பூசிக்கொண்டான். இன்னொருவன் குடித்தே விட்டான். சாமி தன் கையைப் பார்த்துத் திகைத்தார். வியர்வையை வழித்த இடத்தில் நெற்றியெல்லாம் ஊதா, தாடியில் பாதி ஊதா. ஆனால் பழகிய தொழில். நொடியில் சுதாரித்துக்கொண்டார்.

"சிப்பாயோட ரத்தம்! பேயிக்கு ரத்தம் ஊதாவாத்தான் இருக்கும்!"

மெட்டில்டா திகைத்து நின்றாள். இப்படி ஒரு திருப்பத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்தால் ஊர் விழித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தாள். ஊர் களவுக்கே கற்பூரம் கொளுத்துகிறது!

நல்லவேளையாக மூஸா நெய்னாவின் புது வெள்ளைச் சட்டையில் ஒரு பெரிய ஊதாத் துளி விழுந்திருந்தது. அவர் அதைத் துடைக்கத் துடைக்க அது பரவியது. பக்தி பெரிதுதான், ஆனால் சட்டை பெருநாளுக்கு எடுத்தது.

"இது போகுமா தங்கச்சி?" என்று அவளிடம் கேட்டார்.

"போகாது காக்கா. ஒரு சொம்பு நல்ல தண்ணி கொண்டு வரச் சொல்லுங்க, ஏன் போகாதுன்னு காட்டுதேன்."

தண்ணீர் வந்தது. மெட்டில்டா பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டாள். சொம்புத் தண்ணீர் ஊதாவாகியது.

"இந்தாங்க, இன்னொரு சிப்பாயி ரத்தம். ஆஸ்பத்திரியில இத வாய்ப்புண்ணுக்குப் போடுதோம்."

கூச்சல் அடங்கியது. குடித்தவன் மெதுவாக உதட்டைத் துடைத்தான்.

"இந்த மருந்த நான் வேற எங்கயும் போடல. முன்சக்கரத்து நட்டுல மட்டுந்தான் தடவுனேன். சாமி மந்திரத்தாலதான் பேய ஓட்டுனாருன்னா வாய்தான வேல செஞ்சிருக்கணும்? கை ஏன் ஊதாவாச்சு?"

சாமி கைகளை மடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். அங்கேயும் ஊதாவாயிற்று.

"பேயோட்டும்போது வண்டியத் தொடாம இருக்க முடியுமா?" என்று காசிலிங்கம் பரிந்து பேச வந்தார்.

"தொட்டா நட்டுக்கு அடியிலயா தொடணும்? நட்டத் திருப்ப ஒரு ஸ்பேனரும் வேணும்லா? இடுப்பில என்ன இருக்குன்னு காட்டச் சொல்லுங்க."

சாமி பின்வாங்கினார். மூஸா நெய்னா பாய்ந்து அவருடைய இடுப்புத் துணியைப் பிடித்தார். சட்டைக்காகப் பாய்ந்தாரா, உண்மைக்காகப் பாய்ந்தாரா என்று ஆராய வேண்டியதில்லை. மடியிலிருந்து ஒரு ஸ்பேனர் 'டங்' என்று கல்லில் விழுந்தது. அதுவும் ஊதா.

"ஸ்பேனரும் ஆண்டவன் படைச்சதுதான்" என்றார் சாமி. இந்தமுறை யாரும் தலையாட்டவில்லை.

மெட்டில்டா அந்த ஸ்பேனரை எடுத்துப் பஞ்சால் துடைத்தாள். நட்டைத் தளர்த்தினாள். சக்கரத்தைக் கொஞ்சம் சாய்த்து முடுக்கினாள். "ரோச்சண்ணே, ஓட்டிப் பாருங்க."

ரோச் ஓட்டினான். 'ம்ம்ம்' என்றது வண்டி. இடப்பக்கம் இழுத்தது.

"பேய் வந்திட்டு! இப்ப ஸ்பேனர நீங்களே பிடிங்க. சக்கரத்த நடுவுல நிறுத்தி முடுக்குங்க" என்றாள் மெட்டில்டா.

ரோச் சிலுவை போட்டுக்கொண்டு முடுக்கினான். ஏறி மிதித்தான். வண்டி சத்தமில்லாமல் நேராகப் போனது. அவன் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. கம்மல் இல்லாத இரண்டு காதுகள் அவன் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும். சாமியைப் பார்த்து, "ஏலே!" என்றான்.

அப்புறம் ஊருக்கு ஒரே கொண்டாட்டம். ஆளுக்கு ஒருமுறை ஸ்பேனரை வாங்கிப் பேயை ஏற்றினார்கள், இறக்கினார்கள். மந்திரம் தெரியாதவர்கள், குளிக்காதவர்கள் எல்லாரும் ஓட்டினார்கள். எவன் கையும் முடங்கவில்லை. காசிலிங்கம், "பெட்டியிலேயே கோணலாத்தான் வந்திச்சு, எனக்கு ஒண்ணுந் தெரியாது" என்று சத்தியம் செய்தார். சக்கரங்கள் பெட்டியில் தனியாக வருவதும், அவற்றைக் கடையில்தான் மாட்டுவதும் பெட்டி இறக்கிய சுமைகாரர்களுக்குத் தெரியும். அவர்கள் அவரைச் சுற்றி நின்று, சாமியோடு பங்கு போட்டு வாங்கின காணிக்கையையெல்லாம் அவரவருக்குத் திருப்ப வைத்தார்கள். இந்தச் சந்தடியில் இரும்பாண்டி சாமி நழுவிவிட்டார். கூடாரத்தை மட்டும் விட்டுப்போனார்.

மெட்டில்டா அன்றே சைக்கிளை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் சக்கீனாவுக்கு வலி கண்டபோது நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள். பெண் குழந்தை. சிப்பாயின் முனகலைவிட நன்றாகவே அழுதது.

கதை இத்தோடு முடிந்தால் ஊருக்கு மரியாதை. முடியவில்லை. ஒரு மாதம் கழித்து ரோச் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஏளா, விளாத்திகுளத்துல ஊதாக்கைச் சாமின்னு ஒருத்தரு வந்திருக்காராம். பிறந்ததுலேருந்தே கை ஊதாவாம். அவரு தொட்டா தீராத வியாதி இல்லையாம். நல்ல கூட்டமாம். ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வரட்டா?"

மெட்டில்டா அவன் சைக்கிளைத் தட்டிக் காட்டினாள்.

"மீன் வாங்குனா செவுளத் தூக்கிப் பாக்குதிய. சட்டி வாங்குனா தட்டிப் பாக்குதிய. சைக்கிள் வாங்குனா ஓட்டிப் பாக்குதிய. சாமியாரப் பாக்கப் போறப்ப மட்டும் ஏண்ணே கண்ண மூடிக்கிட்டுப் போறிய?"